மாதகல் வீடு (குடும்பக் குழு)

ரஞ்சி: ஜேர்மனியின் பால்டிக் கடல் தீவு உசெடோமில் எடுக்கும் விடுமுறை வீட்டுக்கு நாளைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?

குமரன்: நாங்கள் நாலு பேர்

துளசி: [படம்] பெரிய மாமா, இது உண்மையா? கடற்கரையில் அம்பர் (மஞ்சள் மரப்பிசின் கல்) என்று பொறுக்கிக் காற்சட்டைப் பையில் போட்டவருக்குத் தொடை எரிந்துவிட்டதாம். உசெடோமில்தானாம்.

ரஞ்சி: யார் அனுப்பினது? கண்டதையும் இங்கே போடாதே.

நந்தன்: அந்த ஆளைத் தெரியாது, ஆனால் அப்படி நடப்பது உண்மை ரஞ்சி. அது அம்பர் இல்லை, வெள்ளைப் பொஸ்பரஸ். 1943 ஆகஸ்டில் உசெடோமில் இருந்த ஜேர்மன் பீனெமுண்டே ராக்கெட் தளத்தில் பிரித்தானியா குண்டு போட்டபோது பொஸ்பரஸ் அடைத்த பல தீக்குண்டுகள் கடலில் விழுந்தன. துண்டு ஈரமாக இருக்கும்வரை மஞ்சள் கல்லாகச் சும்மா கிடக்கும். பையில் காய்ந்து உடம்புச் சூடு பட்டதும் தானே பற்றும். 1300 பாகை செல்சியஸ் சூடு. தண்ணீர் ஊற்றினால் அணையும், காய்ந்ததும் திரும்பப் பற்றும்.

குமரன்: ஐயோ

பாக்கியம் அம்மா: அங்கேயும் கடலுக்குள் செல் குண்டா

நந்தன்: அம்மா, போரில் விழுந்தது கொஞ்சம். போர் முடிந்ததும் நேச நாடுகள் மிஞ்சியதைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்க் கொட்டியதுதான் அதிகம். ஜேர்மனியின் வட கடல், பால்டிக் பகுதியில் மட்டும் சுமார் 16 லட்சம் தொன். டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுப் பக்கம் நச்சுவாயுக் குண்டுகள் வேறு.

குமரன்: ஓம், இங்கே டென்மார்க்கில் மீனவர்களின் வலையில் மஸ்டர்ட் வாயுக் கட்டி ஏறியிருக்கிறது. களிமண் என்று கையால் எடுத்துப் போட்டால் பிறகுதான் கொப்பளம்.

ரஞ்சி: அப்ப மீன்? சிப்பி?

நந்தன்: கடை மீனுக்கு இப்போது பயமில்லை. ஆனால் ஜேர்மனியின் கீல் நகரப் பக்கத்தில் குண்டுக் குவியல் அருகே சிப்பிகளைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள், உடம்பில் டிஎன்டி வெடிமருந்து சேர்ந்திருந்தது. இரும்பு உறை துருப்பிடிக்கப் பிடிக்க இது கூடும். அதுதான் இப்போதே எடுக்க வேண்டும் என்கிறேன்.

பாக்கியம் அம்மா: முகமாலையில் ஊர்ப் பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து கண்ணிவெடிகளை ஒவ்வொன்றாய்க் கிளறி எடுத்தார்கள். வெளிநாட்டுக் காசு. கடலில் யார் குந்துவது

துளசி: ரோபோ அம்மம்மா 🙂

நந்தன்: சரியாகச் சொன்னாள். 2024-இல் ஜேர்மனியின் லூபெக் விரிகுடாவில் தொலைவிலிருந்து இயக்கும் ஊர்தியை இறக்கித்தான் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு ஜேர்மன் அரசு 10 கோடி யூரோ ஒதுக்கியது. அவசரப்பட்டு வெடிக்க வைப்பதும் பிழை. 2019-இல் ஃபேமான் பெல்ட் நீரிணையில் நேட்டோ கப்பல்கள் 42 பழைய கடற்கண்ணிகளை வெடிக்க வைத்தன, பிறகு டொல்பின் போன்ற கடற்பன்றிகள் செத்து ஒதுங்கின.

துளசி: 😢

நந்தன்: பால்டிக் கரையோர நாடுகளுக்குக் கடலைக் காக்க ஹெல்கோம் என்ற பொது ஆணையம் இருக்கிறது. 2022 முதல் ரஷ்யா இல்லாமல்தான் மற்றவர்கள் கூடுகிறார்கள். லிதுவேனியா முயன்று 2010-இல் கடலில் கொட்டிய இரசாயனக் குண்டுகள் பற்றி ஐநா பொதுச்சபையில் தீர்மானமும் வந்தது. விரும்பினால் ஒத்துழையுங்கள் என்பதோடு சரி. கொட்டின நாடுகள் காசு போட வேண்டும். கரையில் இருக்கிறவன் மட்டும் சுமக்க முடியாது.

குமரன்: அண்ணா, மாதகல் கிணறு இறைக்க மூன்று பேர் பங்கு போட்டே இன்னும் முடியவில்லை

ரஞ்சி: அதை இங்கே இழுக்காதே. என் பங்கு போன வருஷமே கட்டியாச்சு.

குமரன்: யாருக்குக் கட்டினீங்கள்?

ரஞ்சி: அண்ணாவைக் கேள்

நந்தன்: கிணற்றுக் கணக்கு ஞாயிறு பேசலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: கடற்கரையில் எடுக்கும் எந்தக் கல்லும் பைக்குள் போகக் கூடாது. மூடியுள்ள தகரப் பேணிக்குள் போட்டு, உடம்பில் படாமல் தள்ளி வைக்க வேண்டும். பற்றினால் உடுப்பைக் கழற்றி, காயத்தை ஈரத்துணியால் மூடி, ஈரம் காயவிடாமல் அவசர எண் 112 அழையுங்கள்.

துளசி: வீட்டில் மூன்று பேணி இருக்கு. மைலோப் பேணி 👍

குமரன்: மனைவி பயப்படுகிறாள். சின்னவன் கல்லைக் கண்டால் விட மாட்டான். வட கடல் பக்கம் பார்ப்போமா?

நந்தன்: அங்கேதான் இன்னும் அதிகம் கிடக்கிறது தம்பி. பேணியோடு போனால் உசெடோம் நல்ல இடம்.

ரஞ்சி: நான் கட்டட்டா வேண்டாமா?

பாக்கியம் அம்மா: நான் வருகிறேன். கீழ் அறை எனக்கு

குமரன்: நாளை மத்தியானம் சொல்கிறேன் அக்கா