குடம் வரைந்தால் வாய் கண் வடிவம் ஆகிறது, அடி தட்டையாகிறது – எப்படித் திருத்துவது?

சுண்ணக்கட்டி (கேள்வி):
9-ஆம் வகுப்பு, 40 பேர், வாரம் இரண்டு பாடவேளை. பித்தளைக் குடமும் சொம்பும் வைத்து மாடல் டிராயிங். முக்கால்வாசித் தாள்களில் ஒரே பிழைகள்: வாய் வட்டம் இரு முனையிலும் கூர்மையாகிறது, அடி நேர்கோடாகிறது, குடத்தின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடப் புடைத்துக்கொள்கிறது. ஷேடிங் போட்டால் எல்லாம் ஒரே சாம்பல். எதிலிருந்து தொடங்கலாம்?

மட்டக்கோடு:
அடியிலிருந்து தொடங்குங்கள். குடம் தரையில் சமமாக உட்கார்ந்திருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் கண்ணை நம்பாமல் கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் கண்மட்டத்திலிருந்து கீழே போகப்போக வட்டம் திறந்துகொண்டே வரும். வாயைவிட அடிதான் அதிகம் வளையவேண்டும்.

ஒரு கணக்கு: மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அந்த நீள்வட்டத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் வருவது, கண்மட்டத்திலிருந்து அந்த வட்டம் இருக்கும் இறக்கத்தைப் பார்வைத் தூரத்தால் வகுத்தால் வருவதற்கு ஏறக்குறையச் சமம். சப்பணமிட்ட மாணவரின் கண் 70 செ.மீ. உயரம், குடம் 30 செ.மீ., தூரம் 180 செ.மீ. என்று வையுங்கள். வாய் வட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. அடி வட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே குடத்தை 30 செ.மீ. உயரப் பலகையில் ஏற்றினால் வாய் பதினெட்டில் ஒரு பங்காகச் சப்பையாகிவிடும், அதைச் சரியாக வரைவது கடினம். தொடக்கத்தில் குடம் தரையிலேயே இருக்கட்டும்.

வளையல்காரி:
கணக்கு ஆசிரியருக்குச் சரி, பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம். ஆளுக்கொரு வளையல் போதும். கண்ணுக்கு நேராகப் படுக்கைவசத்தில் பிடித்தால் கோடு. மெல்ல இறக்கினால் திறக்கும். பாதித் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர் இன்னும் நல்லது: வாய், நீர்மட்டம், அடி என்று மூன்று வட்டத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம்.

கூர்முனை வருவதற்குக் காரணம், மேல் வில்லையும் கீழ் வில்லையும் தனித்தனியாகப் போட்டு ஓரத்தில் ஒட்டுவது. நீள்வட்டத்துக்கு மூலையே கிடையாது. முதலில் நடு அச்சு, அதற்குச் செங்குத்தாக அகலக் கோடு, நான்கு எல்லைப் புள்ளிகள். பென்சில் தாளில் படாமல் தோளிலிருந்து கையைச் சுழற்றி மூன்று நான்கு சுற்று. அதே வேகத்தில் முனையை இறக்கினால் கோடு தானாக விழும். சொம்பைச் சாய்த்து வைத்தாலும் நீளச்சு (நீள்வட்டத்தின் அகலக் கோடு) சொம்பின் நடு அச்சுக்குச் செங்குத்துதான். இதில் பெரியவர்களே சறுக்குவார்கள்.

மட்டக்கோடு:
வலப்பக்கப் புடைப்பை மறந்துவிட்டேன். வலக்கைக்காரர்களுக்கு இடது வளைவு மணிக்கட்டின் போக்கிலேயே வரும், வலது வளைவு எதிர்ப்போக்கு. தாளைத் தலைகீழாகத் திருப்பி வலது பாதியை வரையச் சொல்லுங்கள். சரிபார்க்க, டிரேசிங் தாளில் இடது பாதியை எடுத்து அச்சில் மடித்துப் பார்க்கலாம். தாள் வைத்து வரையும் அட்டை தரையில் கிடந்தால் தாளின் மேல்பாதி சுருங்கித் தெரியும், குடம் நீண்டுவிடும். அட்டையைத் தொடையில் சாய்த்துக்கொள்ளவேண்டும். பென்சிலால் அளக்கும்போது முழங்கை மடங்கினால் அளவே மாறிவிடும். கை நீட்டி, ஒரு கண் மூடி.

கரித்துண்டு:
ஷேடிங் பற்றி. சாம்பலாவதற்கு முதல் காரணம் அறை வெளிச்சம். டியூப்லைட் எல்லாவற்றையும் அணைத்து ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு மூன்றையும் மட்டும் பிரிக்கட்டும். இருட்டிலிருந்தே தொடங்கவேண்டும், நடுத்தரத்தில் தொடங்குபவர் இருட்டுக்கு வந்து சேர்வதே இல்லை. எச்பி பென்சில் கோட்டுக்கு, மென்மையான 4பி இருட்டுக்கு. கடினமான 2எச் பென்சிலை அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், மேலே 4பி தேய்த்தால் அது வெள்ளைக் கீறலாகத் தெரியும்.

ஓரத்தைக் கருப்பாக்குவதுதான் பெரிய தவறு. மிகக் கருத்த பட்டை ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும். ஓரத்தில் தரையின் எதிரொளி. பித்தளையில் பளிச்சிடும் வெள்ளையை ஒட்டியே கருப்பு வரும், விரலால் தேய்த்தால் அது மண்குடமாகிவிடும். விரல் எண்ணெய் பட்ட இடத்தை ரப்பரும் அழிக்காது.

சுண்ணக்கட்டி:
நன்றி. 40 பேரும் ஒரே குடத்தைச் சுற்றி உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு ஜன்னல் வெளிச்சம் நேர் எதிரே வருமே?

கரித்துண்டு:
மூன்று குடம் வையுங்கள், ஜன்னல் சுவருக்கு இணையாக ஒரே வரிசையில். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கம் யாரும் வேண்டாம். ஒவ்வொரு குடத்துக்கும் வரிசையின் போக்கில் இடமும் வலமும் ஆறேழு பேர் வீதம் சிறு வளைவாக உட்கார்ந்தால் எல்லோருக்கும் வெளிச்சம் பக்கவாட்டில்தான் விழும்.