கத்தி போட்டோவில் ஒரே வெள்ளைக் கோடு, என்ன பண்ணலாம்?

நண்பர்களே, ஒரு உதவி. கையால் அடித்த கத்திகளின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு டமாஸ்கஸ் கத்தியை விட்டு நகரவே மனசில்லை. 1095, 15என்20 என்று இரண்டு எஃகை அடுக்கிக் காய்ச்சி அடித்தது. அமிலத்தில் முக்கினால் முதலாவது கறுத்துவிடும், நிக்கல் கலந்த இரண்டாவது பளபளவென்று நிற்கும். மரத்தில் ஓடும் ரேகை மாதிரி அவ்வளவு அழகு!

போட்டோவில் அந்த ரேகையையே காணோம். கூரை விளக்கு அலகில் விழுந்து ஒரே வெள்ளைக் கோடு. லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி வடிகட்டி) போட்டேன், கைப்பிடி மரத்தின் பளபளப்பு அடங்கியது, உலோகம் மசியவில்லை. எதிரே வெள்ளை அட்டை பிடிப்பதா, கறுப்பா? ட்ரைபாடுக்கு இடமில்லை. கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கலாம்தான், கைரேகை பட்டால் செய்தவர் முகம் சுருங்குகிறது (நியாயம்தான்).

நாளை மறுபடி போகிறேன். எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்களேன்.