வெப்சைட் செய்ய யாரிடம் போவது: நிறைகுடம் சொன்னதற்கு என் மறுப்பு

பவானிக்கரை:
புதுத் தொழில் தொடங்கும் தம்பி ஒருவர், வெப்சைட் வடிவமைக்க எந்த மாதிரி நிறுவனத்தைப் பிடிக்கலாம் என்று நேற்று இங்கே கேட்டிருந்தார். நிறைகுடம் சொன்ன பதில் இது: "முன்பு செய்த வேலைகளைப் பாருங்கள். பிடித்திருந்தால் ஒப்படைத்துவிடுங்கள். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்) எல்லாம் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும், உங்களுக்கு எதற்குத் தலைவலி?" படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை.

வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி பெயரிலா பத்திரம் பதிவீர்கள்?

நான் பதிந்தேன். ஜமக்காளமும் துண்டும் நேரடியாக விற்க ஒரு லட்சம் ரூபாய்க்குப் பேசி ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். தளம் அழகாகத்தான் இருந்தது. ஓர் ஆண்டு முடிந்த ஒரு திங்கட்கிழமை காலை திறந்தால் யாருடைய கார் இன்சூரன்ஸ் விளம்பரமோ நிற்கிறது. டொமைனைப் புதுப்பிக்கவில்லை. கேட்டதற்குப் பாக்கி இருக்கிறது என்றார்கள். தீபாவளிக்கு அடித்து வைத்த 3,000 அட்டைப்பெட்டிகளிலும் அந்த முகவரி. நானும் அம்மாவும் மடிப்பு வேலைக்கு வரும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து புது முகவரி ஸ்டிக்கரை ஒட்டினோம். ஐப்பசி ஈரத்தில் விளிம்பெல்லாம் சுருண்டுகொண்டது. பழைய முகவரியின் வால் மட்டும் கீழே எட்டிப் பார்த்தது.

நிறைகுடம்:
நான் எழுதியதில் வசதியான பாதியை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். 11 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சொந்தப் பெயரில் டொமைன் வாங்கியவர்கள், எந்த மின்னஞ்சலில் பதிந்தோம் என்பதையே மறந்துவிட்டு நள்ளிரவில் எனக்கு போன் செய்திருக்கிறார்கள். அந்தத் தலைவலியைத்தான் சொன்னேன்.

அது கிடக்கட்டும். பாக்கி என்று ஒரு சொல்லோடு தாண்டிப் போய்விட்டீர்களே, எவ்வளவு பாக்கி?

பவானிக்கரை:
பேச்சை மாற்ற வேண்டாம். டாட் காம் பெயர் காலாவதியானால் அன்றைக்கே செத்துவிடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. அதன்பின் அபராதம் கட்டி மீட்க 30 நாள். கடைசியாக 5 நாள் கழித்துத்தான் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை வரும். இத்தனை நாளும் நான் கையில் பணத்தோடு நின்றேன். ஆனால் கணக்கின் சாவி அவர்களிடம். பதிவேட்டில் உரிமையாளராக இருந்ததும் அவர்கள் பெயர். என் கடைக்கு நான் அந்நியன்.

நிறைகுடம்:
எவ்வளவு பாக்கி?

தூரிகை:
இருவரும் சண்டையைத் தொடருங்கள், நடுவில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'டிசைன் நிறுவனம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? படம் மட்டும் வரைந்து தருபவரா, நிரலும் எழுதுபவரா, ஆண்டு முழுவதும் பராமரிப்பவரா? மூன்றுக்கும் மூன்று விலை, மூன்று ஒப்பந்தம்.

'முன்பு செய்த வேலையைப் பாருங்கள்' என்பதும் அரைகுறை யோசனைதான். படமாகக் காட்டினால் எல்லாமே அழகு. அவர்கள் செய்த தளத்தை நடுத்தர விலை போனில், பஸ்ஸில் போகும்போது திறந்து பாருங்கள். முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். தமிழில் செய்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்கு வரைந்த பொத்தானில் 'இப்போதே வாங்குங்கள்' என்று போட்டால் மூன்று வரியாக உடையும்.

பவானிக்கரை:
என் தளத்தில் தமிழ்த் தலைப்பைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் படமாக ஒட்டியிருந்தார்கள். கூகுளில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறைகுடம்:
சற்று முன்தான் 'அழகாகத்தான் இருந்தது' என்று எழுதினீர்கள்.

தூரிகை:
எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை. பாமினியை இன்னும் வெப்சைட்டில் பயன்படுத்துபவரைச் சென்னைக்காரர் என்றுதான் நினைக்கிறேன்.

நிறைகுடம்:
சென்னைக்காரர் என்றால் என்ன பொருள்? மதுரையில் பாமினியே கிடையாதா? தெருவுக்குத் தெரு பிளக்ஸ் பேனர் எந்த எழுத்துருவில் அடிக்கிறார்களாம்?

மெய்யெழுத்து:
எல்லோருமே 'வெப்சைட்' என்கிறீர்கள். தமிழ்ச் சொல் இருக்கிறது. அதையும் நாளிதழ்கள் 'இணையதளம்' என்று கெடுத்து வைத்திருக்கின்றன. இணையம் + தளம் = இணையத்தளம். வல்லினம் மிகும். பிழையோடு எழுதும் நிறுவனத்துக்கு வேலை கொடுக்கவே கூடாது.

பவானிக்கரை:
ஐயா, ஒரு 'த்' சேர்த்திருந்தால் என் டொமைன் திரும்ப வந்திருக்குமா?

மெய்யெழுத்து:
அலட்சியம் எழுத்தில்தான் தொடங்கும். பெயரை அடுத்தவரிடம் விட்டதும் அதே அலட்சியம்தான்.

சட்டப்பூனை:
டொமைனோடு நிற்கவில்லை விஷயம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். வெளியாள் ஒருவர் எழுதிய நிரலுக்கு நீங்கள் பணம் கொடுத்தாலும் முதல் உரிமையாளர் பொதுவாக அவரே. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அதில் கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்களுடைய ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நிறைகுடம்:
பார்த்தீர்களா, சட்டமே எங்கள் பக்கம்தான்.

பவானிக்கரை:
எங்களா? ஓஹோ. 'எங்கள்' என்று வாய்தவறி வந்துவிட்டதே. நீங்களும் வாடிக்கையாளர் பெயர்களை எல்லாம் உங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறீர்களா?

சட்டப்பூனை:
நான் சொன்னது நிரலைப் பற்றி. டொமைன் வேறு.

நிறைகுடம்:
வைத்திருக்கிறேன், பணம் கட்டியவர்களுக்குக் கேட்ட அன்றே மாற்றியும் கொடுத்திருக்கிறேன். சரி, நானே கணக்குப் போடுகிறேன். ஒரு லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 18,000 ரூபாய். அதைத்தானே நீங்கள் கொடுக்கவில்லை?

பவானிக்கரை:
கொட்டேஷனில் ஒரு லட்சம் என்றுதான் இருந்தது. 'வரி தனி' என்று எங்கும் இல்லை.

நிறைகுடம்:
ஆக, 18,000 கொடுக்கவில்லை.

பவானிக்கரை:
தர வேண்டியதைத் தராமல் இருப்பது வேறு, தர வேண்டாததைத் தராமல் இருப்பது வேறு.

நிறைகுடம்:
ஜிஎஸ்டி பதிவு இருந்திருந்தால் அந்த 18,000-ஐ உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொண்டிருக்கலாம். ஒரு பைசா நஷ்டம் இல்லை. அதற்குப் போய் 3,000 பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள்.

பவானிக்கரை:
கழிக்க ஜிஎஸ்டி எண் போட்ட பில் வேண்டும். அவர்கள் கொடுத்த பில்லில் எண்ணே இல்லை. எண் இல்லாதவன் வரி கேட்கலாமா? இப்போது சொல்லுங்கள்.

நிறைகுடம்:
பில்லை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

புதுக்கடை:
அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். என்னிடம் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. ஒன்று 35,000, இன்னொன்று 2,40,000. இரண்டிலுமே 'முழுமையான வெப்சைட்' என்றுதான் எழுதியிருக்கிறது. எதை எடுப்பது?

மெய்யெழுத்து:
முழுமையான இணையத்தளம்.

தூரிகை:
தம்பி, இரண்டு பேரிடமும் பக்கம் எத்தனை, திருத்தம் எத்தனை முறை, படமும் வாசகமும் யார் தருவது என்று எழுதி வாங்குங்கள். வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அவர்கள் முன்பு செய்து கொடுத்த இரண்டு பேருக்கு போனும் செய்யுங்கள், அதுவும் சண்டை போட்டுப் பிரிந்தவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பவானிக்கரை:
எதை எடுத்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில். மற்றதெல்லாம் அப்புறம். விலையைப் பற்றி இன்னொரு சொல் பேச மாட்டேன்.

நிறைகுடம்:
விலையைப் பற்றி அவர் பேச மாட்டார் என்பது உண்மைதான். பில் எங்கே?

பவானிக்கரை:
பழைய போனில் இருக்கிறது. நாளை போடுகிறேன். போட்டதும் இங்கே மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நிறைகுடம்:
18,000-க்கா, 'எங்கள்' என்றதற்கா?

மெய்யெழுத்து:
கொட்டேஷனுக்கு விலைப்புள்ளி என்று தமிழ் உண்டு. யாரும் கவனிக்கவில்லை போலும்.

புதுக்கடை:
35,000 சொன்னவர்கள் இன்று காலையே டொமைன் வாங்கிவிட்டதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். யார் பெயரில் என்று எங்கே பார்ப்பது?

பவானிக்கரை:
நிறைகுடம் சாரிடமே கேளுங்கள் தம்பி, 11 ஆண்டு அனுபவம்.

நிறைகுடம்:
பில்.