தக்காளி பூஞ்சை செடிகிட்ட மாட்டாம தப்பிக்கிறது பத்தி ஒரு டவுட்டு

செடி நோய் படிச்சவங்க யாராச்சும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. தக்காளி இலைல வர்ற கிளாடோஸ்போரியம் ஃபல்வம் பூஞ்சை பத்தி ரெண்டு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். செடி கைட்டினேஸ்ங்கிற நொதிய விட்டு பூஞ்சையோட செல் சுவர்ல இருக்குற கைட்டின்ங்கிற சர்க்கரைச் சங்கிலிய வெட்டும், உதிர்ற துண்ட வச்சுத்தான் எதிரி வந்துட்டான்னு கண்டுபிடிக்கும், ஆனா இந்தப் பூஞ்சை ஏவிஆர்4 புரதத்த சுவர் மேல போர்வை மாதிரி போர்த்திக்குது, அப்படியும் உதிர்ற துண்டுகள பூஞ்சையோட ஈசிபி6ங்கிற இன்னொரு புரதம் கவ்வி மறைச்சிடுது, நெஜமாவே பிரமிப்பா இருக்கு! சிஎஃப்-4 ஜீன் இருக்குற தக்காளி அந்த ஏவிஆர்4ஐயே அடையாளம் கண்டுக்கும், ஆனா அந்தப் புரதம் லேசா மாறிப்போன பூஞ்சை ரகங்க தப்பிச்சிடும், இது வரைக்கும் சரி. ஆனா அப்படி மாறினதுல சிலது இன்னமும் கைட்டின பிடிக்குதே, அது எப்படி? செடி கண்ணுல படாம வேலைய மட்டும் எப்படி விடாம பாக்குது? படத்தோட விளக்குற ரிவ்யூ பேப்பர் இருந்தாலும் சொல்லுங்க ப்ளீஸ்.