ஒன்பது வருடப் பழைய கடன்: வாசலுக்கு வந்தவரிடம் கட்டலாமா?

பட்டறைவீடு:
என் வீட்டுக்காரர் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) பட்டறை வைத்திருந்தார். 2015-இல் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 80,000 ரூபாய் வாங்கினோம், அடமானம் எதுவும் இல்லை. 2016-இல் அவருக்கு முதுகு போனதோடு தவணையும் நின்றது. அப்புறம் யாரும் கேட்கவில்லை. போன வாரம் இரவு எட்டரை மணிக்கு ஒருவர் வந்து, "8,000 கட்டிவிட்டு இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்க, இல்லாவிட்டால் நாளைக்கு அமீனா ஜப்திக்கு வருவார்" என்றார். மாமியார் குத்துவிளக்கையும் வெள்ளிச் சொம்பையும் சாக்கில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். என்ன செய்வது?

காரைக்குடி குமாஸ்தா:
அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம் தங்கச்சி. அமீனா நீதிமன்ற ஊழியர், ஏஜென்ட் கூப்பிட்டால் வருகிறவர் இல்லை. வழக்குப் போட்டு, டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி, அதை நிறைவேற்றச் சொல்லி இ.பி. என்ற மனுவைத் தாக்கல் செய்து, வாரண்டோடுதான் வருவார். அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. உங்களுக்கு அது 2019-லேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் "தருகிறேன்" என்று இப்போது எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது புது ஒப்பந்தமாகிவிடும்.

தேவகோட்டை ஐயா வீடு:
குமாஸ்தா சொல்வது சட்டம். ஆனால் வாங்கினது வாங்கினதுதானே? எங்கள் ஐயா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார். கடனாகக் கொடுத்ததெல்லாம் அங்கேயே போய்விட்டது. இங்கே ஊரில் அவர் தர வேண்டியிருந்த பாக்கியை, ஆயாவின் (பாட்டியின்) கழுத்துரு என்ற கல்யாணத் தாலியில் இருந்த தங்க உருக்களை ஒவ்வொன்றாக விற்று அடைத்தார். அவரிடம் யாரும் காலக்கெடு பேசவில்லை. சட்டமே கூட, கெடு தாண்டினால் வழக்குப் போடும் உரிமை போகும் என்கிறதே தவிர, கடன் அழிந்தது என்று சொல்லவில்லை.

காரைக்குடி குமாஸ்தா:
அது சரிதான் அண்ணே. ஆனால் உங்கள் ஐயா முகம் தெரிந்த ஆளுக்குக் கொடுத்தார். இங்கே வந்தவர் கணக்கு விவரம் ஏதாவது காட்டினாரா? ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது, வசூலுக்குப் பேசுவது காலை 8 முதல் மாலை 7 வரைதான். எட்டரை மணிக்குக் கதவைத் தட்டி, வயதானவர்களைச் சாக்கு மூட்டை கட்ட வைத்தவரிடம் நாணயம் பேச எனக்கு மனசு வரவில்லை.

தேவகோட்டை ஐயா வீடு:
அவர் செய்தது தப்பு. அதற்காக 80,000 பொய்யாகிவிடுமா? அந்தப் பணத்தில்தானே அச்சும் சிமெண்டும் வாங்கினார்கள்?

பட்டறைவீடு:
ஆமாம் அண்ணே, அதனால்தான் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் நிஜமாகவே அமீனா வந்தால் பட்டறைச் சாமானைத் தூக்கிவிடுவாரா?

காரைக்குடி குமாஸ்தா:
உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவைப் பாருங்கள். சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தாலி, கைத்தொழிலாளியின் கருவி, இவற்றை ஜப்தி செய்ய முடியாது. கல் போடும் அச்சு அந்தக் கருவியில் சேரும் என்று வாதாடலாம். மாமியாரின் வெள்ளிச் சொம்புக்கு இந்தப் பாதுகாப்பு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். முதலில் இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரில் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். நீங்கள் ஆஜராகாமலே டிகிரி ஆகியிருந்தால் கதையே வேறு. டிகிரிக்கு 12 வருடம் ஆயுள். ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) நோட்டீஸ் வந்ததா என்றும் பழைய தபால்களைப் புரட்டுங்கள்.

பட்டறைவீடு:
தேடினேன், வழக்கு எதுவும் காணோம். தபால் கட்டிலும் நோட்டீஸ் இல்லை.

தேவகோட்டை ஐயா வீடு:
சரி, அப்படியானால் நானும் ஒன்று சொல்கிறேன். ஏஜென்ட் கையில் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். நிறுவனத்துக்கே பதிவுத் தபாலில் கணக்குக் கேளுங்கள். அசல் மட்டும் கட்டினால் பாக்கி இல்லை என்று சான்று தருவார்களா என்றும் கேளுங்கள். கட்டத்தான் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

காரைக்குடி குமாஸ்தா:
கடிதத்தில் "தருகிறோம்" என்ற வார்த்தை வராமல் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

பட்டறைவீடு:
இன்று மாலை காரைக்குடி போகிறேன். சாக்கு மூட்டை இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி முடித்தால்தான் எடுத்து வருவேன் என்கிறார் மாமியார்.