குடும்பத்தோடு பார்க்க ஒரே ஒரு அனிமேஷன் படம்: டோட்டோரோவா, டாய் ஸ்டோரியா?

நிழல்வண்டி:
ஒன்றே ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'வுக்கு. 1988இல் வந்தது, 86 நிமிடம். வில்லன் இல்லை, துரத்தல் இல்லை, நாலு வயதுக் குழந்தையை எழுந்து ஓடவைக்கிற இடமும் இல்லை.

பேருந்து நிறுத்தக் காட்சியை மட்டும் கவனியுங்கள். மழை. அக்கா சட்ஸுகியின் முதுகில் தங்கை மேய் தூங்குகிறாள். பக்கத்தில் காட்டு ஆவியான டோட்டோரோ வந்து நிற்கிறது, தலையில் ஒரு இலை மட்டும். அப்பாவுக்காகக் கொண்டுவந்த குடையைச் சட்ஸுகி கொடுக்கிறாள். மரத்திலிருந்து சொட்டு விழுந்து குடையில் சத்தம் எழுந்ததும் அதற்குக் கண் விரிகிறது. இன்னும் வேண்டும் என்று எம்பிக் குதிக்கிறது, மரத்தில் தங்கிய தண்ணீரெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. யாரும் எதையும் விளக்குவதில்லை. குடையில் மழை விழும் சத்தத்தை முதல்முறை கேட்பது எப்படி இருக்கும் என்று பெரியவர்களுக்கும் அந்த நேரத்தில் புரிந்துவிடுகிறது.

காகிதப்புலி:
காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் காட்சி வேறு, படம் வேறு. பத்தாவது தடவை பார்க்கும்போதும் தாங்குவது திரைக்கதைதான். அந்த வகையில் 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'க்குப் பக்கத்தில் எதுவும் வராது. 81 நிமிடத்தில் வீணான பொருள் ஒன்றுகூட இல்லை.

க்ளைமாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு மாறிப் போகும் தங்கள் சிறுவன் ஆண்டியைப் பொம்மைகள் பிடித்தாக வேண்டும். விண்வெளி வீரர் பொம்மை பஸ் லைட்இயரின் முதுகில் ராக்கெட், பற்றவைக்கக் கௌபாய் பொம்மை வுடியிடம் இருப்பது ஒரே ஒரு தீக்குச்சி. அது எப்படி வந்தது? பொம்மைகளை வதைக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவன் சிட் முன்பே வுடியின் துப்பாக்கி உறையில் செருகிவிட்டான். வுடி குச்சியைக் கொளுத்துகிறான், கடந்து போன கார்க்காற்றில் அணைந்துவிடுகிறது. அடுத்த நொடி பஸ்ஸின் கண்ணாடி மூடி வழியாக வெயில் குவிந்து வுடியின் கையைச் சுடுகிறது. உடனே யோசனை வருகிறது. அந்த யோசனைக்கும் விதை முன்பே போட்டாயிற்று: பூதக்கண்ணாடியால் வுடியின் நெற்றியைச் சிட் பொசுக்கினானே! ராக்கெட், பூதக்கண்ணாடி என வில்லன் செய்த கொடுமைகள் இரண்டுமே கடைசியில் உயிர் காக்கப் பயன்படுகின்றன. சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படம் இதுதான். சும்மா கிடைக்கவில்லை.

நிழல்வண்டி:
விதை போடுவது டோட்டோரோவிலும் இருக்கிறது, சத்தம் போடாமல் இருக்கிறது, அவ்வளவுதான். தோட்டத்தில் பறித்த காய்கறியைச் சாப்பிட்டால் மருத்துவமனையில் இருக்கும் அம்மாவுக்கு உடம்பு தேறிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறாள். மேய் அதை அப்படியே நம்பிவிடுகிறாள். பிறகு மருத்துவமனையிலிருந்து தந்தி வந்ததும், ஒரு சோளக்கதிரை இறுக அணைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுகிறாள். கடைசிப் பகுதி முழுவதும் அந்தச் சோளக்கதிரால்தான் நகர்கிறது. "கதையே இல்லை" என்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிட்டவர்கள்.

மூன்றாம்வரிசை:
இருவரும் எதை எந்தத் திரையில் பார்ப்பது என்பதை விட்டுவிட்டீர்கள். சினிமா நொடிக்கு 24 ப்ரேம். கையால் வரைந்த அனிமேஷனில் பல இடங்களில் ஒரு படத்தை இரண்டு அல்லது மூன்று ப்ரேமுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு 12 அல்லது 8 படம். பல புதிய டிவிக்களில் 'மோஷன் ஸ்மூத்திங்' போட்டே வரும். இரண்டு ப்ரேமுக்கு நடுவில் டிவி தானாக ஒன்றை உருவாக்கிச் செருகும். அடுத்தடுத்த இரண்டு ப்ரேமும் ஒரே படமாக இருக்கும்போது செருக எதுவும் இல்லை, படம் மாறும் இடத்தில் மட்டும் வழுக்கும். அதனால் கோடுகளின் ஓரம் கசியும், அசைவு நின்று நின்று போகும். டோட்டோரோவை அப்படிப் பார்த்துவிட்டு "பழைய படம், தடுமாறுது" என்று சொல்வது நியாயமில்லை. பட அமைப்பில் போய் அதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் வேறு பெயர் வைத்திருக்கும், பலவற்றில் 'மோஷன்' என்ற சொல் இருக்கும், அந்த இடத்தைத் தேடுங்கள்.

என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. 1999இல் வந்த 'தி அயர்ன் ஜயன்ட்'. ராட்சதன் மட்டும் கணினியில் செய்தது, சிறுவனும் ஊரும் கையால் வரைந்தது. கணினிக் கோடு துல்லியமாக இருந்தால் ஒட்டாது என்பதற்காக அந்தக் கோடுகள் லேசாக நடுங்கும்படி தனி மென்பொருளே எழுதினார்கள். டாய் ஸ்டோரியில் அந்தப் பொருத்தம் எங்கே? ஆண்டியின் முகத்தையும் சிட்டின் நாயையும் இன்று பார்த்தால் மெழுகு மாதிரி இருக்கிறது.

காகிதப்புலி:
நாய் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். அன்றைய கணினிக்குத் தோலும் முடியும் வராது, பிளாஸ்டிக் நன்றாக வரும். அதனால்தான் பொம்மைகளே நாயகர்கள், மனிதர்கள் ஓரத்தில். காலடியில் பலகை ஒட்டிய பச்சைச் சிப்பாய்கள் எப்படி நடப்பார்கள் என்று தெரிந்துகொள்ள, அனிமேட்டர்களே காலணியில் பலகை கட்டி நடந்து பார்த்தார்கள். கஷ்டம் வேறு இடத்தில்தான் வந்தது. 1993 நவம்பரில் டிஸ்னிக்குக் காட்டிய முதல் வடிவத்தில் வுடி அப்பட்டமான கொடுமைக்காரன். தயாரிப்பே நின்றது. திரும்ப எழுதியதில்தான், பொறாமைப்பட்டாலும் நாம் விட்டுக்கொடுக்காத வுடி கிடைத்தான்.

நிழல்வண்டி:
ஆனால் சிட்டின் அறை? எந்திரக் கால்களில் ஏறிவரும் பொம்மைத் தலையைப் பார்த்து ஐந்து வயதுக்குக் கீழே பல குழந்தைகள் மிரளும். அதுகள் நல்லவை என்று தெரியும்வரை காத்திருக்கும் பொறுமை அந்த வயதில் இருக்காது. ஆறு வயதுக்கு மேல் என்றால் சரி.

காகிதப்புலி:
மிரட்சி உங்கள் படத்திலும் உண்டு. குளத்தில் ஒரு சிறு செருப்பு கிடைக்கிறது, மேயுடையதோ என்று ஊரே பதறுகிறது. பொம்மைத் தலையைவிட அது ஆழமாக இறங்கும். அம்மா வீடு திரும்புவாளா என்பதையும் கதை சொல்லாமல் முடிகிறது.

நிழல்வண்டி:
செருப்பு அவளுடையதில்லை என்று சட்ஸுகி வந்ததும் தெரிந்துவிடுகிறது. அம்மா வீடு திரும்புவது எழுத்து ஓடும்போது வரும் ஓவியங்களில் இருக்கிறது. ஓடிடி செயலிகள் அந்த இடத்தில் திரையைச் சுருக்கி அடுத்த படத்துக்குத் தாவும். ஆட்டோப்ளேயை முன்பே அணைத்துவிட்டுக் கடைசிவரை ஓடவிடுங்கள். வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருக்கும் நேரம் என்றால் இந்தப் படத்தைத் தள்ளிப்போடுங்கள். அதே ஸ்டுடியோ என்று நம்பி 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' போட்டுவிடாதீர்கள். 1988இல் டோட்டோரோவோடு சேர்த்தே திரையிட்டார்கள், ஆனால் அது போரில் பட்டினியால் சாகும் குழந்தைகளின் கதை.

காகிதப்புலி:
எச்சரிக்கைக்கு நன்றி. ஆனால் குழந்தை ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பதிலைப் பெயர்கள் ஓடும் இடத்தில் வைத்தால், பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். டாய் ஸ்டோரி அந்தப் பதிலை ஆண்டியின் காருக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. என் ஓட்டு மாறவில்லை.