மறு: ‘சுழல்நிறம்’ சரிவருமா?

> பென்ஹாம் பம்பரத்தில் தெரியும் நிறங்களைச் ‘சுழல்நிறம்’ எனலாமா? புதுச்சேரியில் எட்டாம் வகுப்புக் கையேட்டுக்கு வேண்டும்.

வணக்கம் அம்மா,

சொல் அழகாக இருக்கிறது, ஆனால் இடம் மாறி உட்கார்ந்துவிடும். சுழல்நிறம் என்றதும் பிள்ளைகள் நியூட்டன் தட்டைத்தான் நினைப்பார்கள். அதில் ஏழு நிறமும் தட்டிலேயே இருக்கின்றன. வேகமாகச் சுற்றும்போது கண்ணால் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடுகின்றன. (வெண்மை வரும் என்று புத்தகம் சொல்லும், நம் பள்ளித் தட்டில் வருவது சாம்பல்தான்.) எங்கள் மஞ்சக்குப்பத்தில் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் விற்கும் இருவண்ணக் காகிதக் காற்றாடியிலும் நடப்பது இதே கலப்பு.

பென்ஹாம் பம்பரத்தில் கலக்க நிறமே கிடையாது. பாதி கறுப்பு, மீதி வெள்ளை, வெள்ளையில் சில கறுப்பு வில்கோடுகள், அவ்வளவுதான். நொடிக்கு ஐந்து முதல் பத்து சுற்று விட்டால் மங்கலாகச் சிவப்பு, பச்சை, நீல வளையங்கள் தெரியும். எதிர்ப்பக்கம் சுற்றினால் வளையங்களின் வரிசை தலைகீழாகும். ஒருவர் பார்க்கும் நிறம் அப்படியே மற்றவருக்குத் தெரியும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பென்ஹாம் 1894இல் இதைப் பொம்மையாக விற்பனைக்கே கொண்டுவந்தார். அதற்கு முன்பே 1838இல் ஜெர்மனியின் ஃபெக்னர் இந்த நிறங்களைப் பற்றி எழுதிவிட்டார்.

இங்கே சுழற்சி வெறும் ஏற்பாடுதான். விழித்திரையின் ஒவ்வோர் இடத்திலும் கறுப்பும் வெள்ளையும் ஒரு குறிப்பிட்ட தாளத்தில் மாறிமாறி விழ வேண்டும். பம்பரமே இல்லாமல், நகராத கோடுகளைத் திரையில் அதே தாளத்தில் சிமிட்டவிட்டாலும் நிறம் தெரியும். விழித்திரையில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்புச் செல்களும் ஒரே வேகத்தில் பதில் தருவதில்லை என்பது ஒரு விளக்கம். விழித்திரையில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று அடக்குவது இன்னொன்று. முடிவான விளக்கம் இன்னும் வரவில்லை. ஆகவே என் பரிந்துரை: துடிநிறம்.

– கடலூர் முதுநகரிலிருந்து

---

வணக்கம் ஐயா,

சுழல் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘துடிநிறம்’ வினைத்தொகை ஆயிற்றே! துடித்த நிறம், துடிக்கின்ற நிறம், துடிக்கும் நிறம் என்றுதான் விரியும். துடிப்பது ஒளி; நிறம் பாட்டுக்கு நிலையாக நிற்கிறது. போதாக்குறைக்குத் துடி என்றால் உடுக்கை என்று எங்கள் தமிழாசிரியர் உடனே கை தூக்குவார்.

‘துடியொளி’ என்று முதலில் ஒரு சொல்லை வைத்துக்கொள்வோம், விட்டுவிட்டு வரும் ஒளிக்கு. அப்புறம் அதிலிருந்து ‘துடியொளிநிறம்’. துடிப்பு வேகம் கூடி ஒளி தொடர்ச்சியாகத் தெரியத் தொடங்குவதைத் ‘துடியொளி இணைவு’ எனலாம். வெறும் நிறம் மாறிமாறி வரும்போது இந்த இணைவு குறைந்த வேகத்திலேயே வந்துவிடும், வெளிச்சம் கூடிக் குறையும்போது அதிக வேகம் வேண்டும். அதையும் இதே சொல்லை வைத்துச் சொல்லிவிடலாம்.

‘மாயநிறம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மாயம் என்றால் பிள்ளைகள் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள், எனக்கு வேண்டாம்.

– புதுச்சேரியிலிருந்து

---

அம்மா,

துடியொளிநிறம் நீளம்தான், பொருள் சரி. என் துடிநிறத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

‘அசைவு’ என்ற சொல்லையும் இதில் கலக்காமல் தனியே எடுத்து வைக்க வேண்டும், அதற்கு வேறு வேலை இருக்கிறது. 2011இல் சுச்சோவ், அல்வாரெஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியது: வளையமாக அடுக்கிய வண்ணப் புள்ளிகள் ஓயாமல் நிறம் மாறிக்கொண்டிருக்கும். வளையம் அசையாமல் இருக்கும்வரை மாற்றம் பளிச்சென்று தெரியும். வளையத்தை வேகமாகச் சுற்றவிட்டால் நிறமாற்றம் நின்றுபோனது போலிருக்கும். உண்மையில் நிறங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. துடியொளிநிறத்தில் இல்லாத நிறம் தெரிகிறது, இங்கே நடக்கும் மாற்றம் தெரியாமல் போகிறது. இதற்கு ‘அசைவுமறைப்பு’ பொருந்தும். ‘மறைவு’ என்றால் அசைவே மறைவதாகப் பொருள் வந்துவிடும், கவனம்.

கையேட்டில் துடியொளிநிறம் என்று சேர்த்தே அச்சிடுங்கள். பிரித்தால் பிள்ளைகள் விளக்கின் நிறம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

– முதுநகர்